கல்யாணத்துக்கு லாஷ் எக்ஸ்டென்ஷன்: எந்த இடத்துல போடலாம், நலங்கு எண்ணெய்க்கு என்ன பண்றது?

வைகைக்கரை:

அக்காக்களே, தோழிகளே, ஒரு யோசனை சொல்லுங்க. ஆவணியில எனக்குக் கல்யாணம். மண்டபம் மதுரையில, வேலை சென்னையில. என் இமை முடி குட்டை, அதோட நேரா கீழ பார்த்தே வளரும். மஸ்காரா போட்டு சுருட்டிவிட்டாலும் கொஞ்ச நேரத்துல இறங்கிடும். மைனஸ் 3.5 கண்ணாடி போடுறேன், முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் மட்டும் லென்ஸ் வெச்சுக்கலாம்னு இருக்கேன். அதனால சொந்த இமை முடி மேல செயற்கை முடியை ஒட்டுற லாஷ் எக்ஸ்டென்ஷன் போட்டுடலாம்னு ஆசை.

ரெண்டு இடம் போய்க் கேட்டேன். ஒண்ணு அண்ணாநகர் பக்கம் பெரிய சலூன். ஆஃபர்ல 1,200 ரூபாய், வால்யூம் செட், ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தர்றோம், மூணு மாசம் அப்படியே நிக்கும்னாங்க. ஆனா முதல் ஒரு வாரம் கண்ணுல சொட்டுத் தண்ணி படக்கூடாதாம். இன்னொண்ணு அடையார்ல வீட்டு மாடியில ஒரே ஒருத்தங்க பண்றாங்க. 3,500 ரூபாய், ரெண்டரை மணி நேரம் படுத்திருக்கணும், பசை ஒத்துக்குதான்னு பார்க்க முன்னாடி ஒரு நாள் பேட்ச் டெஸ்டுக்கு வரணும், ரெண்டு மூணு வாரத்துல ரீஃபில் தேவைப்படும்னு சொன்னாங்க. அம்மா முதல் இடத்தைத்தான் சொல்றாங்க. ஏசி, நாலு சேர், ஆளுங்க எல்லாம் யூனிஃபார்ம்.

இன்னொரு கவலை நலங்கு. எங்க வீட்டுல முந்தின நாள் சாயங்காலம் அத்தைங்க எல்லாரும் சேர்ந்து தலையில எண்ணெய் வெச்சு, முகத்துல மஞ்சள் பூசி ஒரு வழி பண்ணிடுவாங்க. மறுநாள் காலையில ஹோமப் புகை. தாரை வார்க்கும்போது நான் கண்டிப்பா அழுவேன், அதுல சந்தேகமே இல்ல. இவ்வளவையும் அந்த முடி தாங்குமா?

மல்லிப்பூ:

வாழ்த்துகள்ப்பா! நான் தங்கச்சி ரிசப்ஷனுக்காக பெங்களூருல போட்டேன். அழகுன்னா அவ்வளவு அழகு. காலையில எழுந்ததுமே கண் விரிஞ்சு தெரியும், மை கூட வேண்டாம். ஆனா அங்க எனக்கும் இதே மாதிரிதான் தண்ணி காட்டாதீங்க, கழுவாதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. அப்படியே இருந்தேன். போகப்போக இமை ஓரத்துல பொடுகு மாதிரி வெள்ளையா ஒட்டிக்கிட்டு அரிப்பு வந்துடுச்சு. கண் டாக்டர் பார்த்துட்டு பிளெஃபரைட்டிஸ், இமை விளிம்புல அழற்சின்னு சொன்னார். எக்ஸ்டென்ஷனை எடுக்க வெச்சு, வெந்நீர் ஒத்தடமும் ஆயின்ட்மென்ட்டும் கொடுத்தார். அதனால கழுவுற விஷயத்தை நல்லாக் கேட்டுக்கோ. இங்க ஒரு அக்கா இந்தத் தொழில்லயே இருக்காங்க, அவங்க வந்து சொன்னா நல்லா இருக்கும்.

திருச்சி_இமை:

வந்துட்டேன் மல்லிப்பூ. வைகைக்கரை, நல்லா இரும்மா. நான் சிங்கப்பூர்ல இந்த வேலையைக் கத்துக்கிட்டு அங்கயே கொஞ்ச காலம் பார்த்துட்டு, இப்ப திருச்சியில வீட்டுல ஒரு ரூம் ஒதுக்கிப் பண்றேன். நீ சென்னைப் பொண்ணு, என்கிட்ட வரப்போறதில்ல. அதனால எனக்கு ஒரு லாபமும் இல்லாமத்தான் சொல்றேன்: அடையார்க்கே போ.

ஏன்னு கேட்டா, முதல் காரணம் நேரம். மேல் இமையில ஒரு கண்ணுக்கு 90லிருந்து 150 முடி வரைக்கும் இருக்கும். கிளாசிக் செட்னா ஒரு சொந்த முடிக்கு ஒரு செயற்கை முடி. ரெண்டு கையிலயும் ட்வீசர் இருக்கும். ஒரு ட்வீசரால பக்கத்து முடிகளை விலக்கி, ஒரே ஒரு முடியைத் தனியா நிறுத்தணும். இன்னொரு ட்வீசரால செயற்கை முடியை க்ளூல தொட்டு அதுமேல வெக்கணும். இமைத் தோலைத் தொடாம, அரை மில்லிமீட்டர்லேர்ந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெக்கணும். இதை ரெண்டு கண்ணுக்கும் ஒவ்வொண்ணாப் பண்ணணும். கை தேர்ந்தவங்களுக்கே முழு செட்டுக்கு ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஆகும். வால்யூம்னா ரெண்டு முதல் ஆறு மெல்லிய முடியை விசிறி மாதிரி விரிச்சு ஒரு சொந்த முடியில வெக்கிறது, அதுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்துல வால்யூம்னு சொன்னா, பெரும்பாலும் ஏற்கனவே கட்டுக்கட்டா ஒட்டி வர்ற கொத்தை எடுத்து, நாலஞ்சு சொந்த முடியைச் சேர்த்துப் பிடிச்சு ஒட்டிடுவாங்க. மெல்லிசான ரெடிமேட் விசிறிங்க இப்ப வருது, அதை ஒரு முடிக்கு ஒண்ணுன்னு வெச்சா தப்பில்ல. கொத்தா ஒட்டுறதைத்தான் சொல்றேன்.

அதுல என்ன தப்புன்னா, இமை முடி எல்லாம் ஒரே சமயத்துல வளர்றதில்ல. ஒண்ணு இப்பத்தான் முளைச்சிருக்கும், பக்கத்துல உள்ளது வளர்ந்து முடிஞ்சு விழக் காத்திருக்கும். வளர்ற கட்டம் ஒரு மாசம், ஒன்றரை மாசம்தான். அப்புறம் சும்மா நிக்கிற காலம் நீளம். இந்த ரெண்டையும் சேர்த்து ஒட்டிட்டா, ரெண்டு பேர் காலைக் கட்டி ஓட விட்ட கதைதான். வளர்றது நிக்கிறதை இழுக்கும், கண் சிமிட்டும்போதெல்லாம் சுருக்குனு வலிக்கும், கடைசியில விழ வேண்டாததையும் வேரோட பிடுங்கிட்டு வரும். மாசக்கணக்கா இப்படி இழுபட்டா அந்த இடத்துல முடி முளைக்கிறதே குறைஞ்சுடும். நல்லாப் போட்ட எக்ஸ்டென்ஷன் முடியைக் கெடுக்காது. தனித்தனியா பிரிக்காமப் போட்டது கண்டிப்பாக் கெடுக்கும். இந்தத் தொழிலோட அடிப்படையே இந்தப் பிரிக்கிறதுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்.

மூணு மாசம் நிக்கும்னு சொன்னதுக்கும் இதே பதில்தான். எல்லாருக்கும் தினமும் சில இமை முடி தானா விழும். செயற்கை முடி ஒட்டியிருக்கிறதே அந்தச் சொந்த முடியிலதான், அது விழும்போது இதுவும் சேர்ந்து விழும். எவ்வளவு நல்ல க்ளூவா இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. ரெண்டு மூணு வாரத்துல அங்கங்க இடைவெளி தெரியும், அதை நிரப்புறதுதான் ரீஃபில். மூணு மாசம்னு சொல்றவங்க ஒண்ணு தெரியாம சொல்றாங்க, இல்ல தெரிஞ்சே சொல்றாங்க.

அடையார் அம்மாகிட்ட என்னென்ன கேக்கணும்னு சொல்றேன். நல்லாத் தெரிஞ்சவங்க இதையெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க.

க்ளூ பாட்டில் எப்ப திறந்ததுன்னு கேளு. இது சயனோஅக்ரிலேட், ஃபெவிக்விக் குடும்பம்தான். ஆனா இமைக்குன்னே தயாரிச்சது. திறந்த பிறகு ஒரு மாசம், கூடிப்போனா ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சுடணும். பாட்டில் மேல திறந்த தேதி எழுதியிருந்தா அந்த ஆளை நம்பலாம். இன்னொரு விஷயம், இந்தப் பசை காயறது காத்துல இருக்கிற ஈரத்தால. சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஈரம் ஜாஸ்தி, அதனால க்ளூ வெக்கிறதுக்கு முன்னாடியே இறுகிடும், வெள்ளையாப் பூத்துடும், சீக்கிரம் உடைஞ்சும் போகும். அதுக்காகத்தான் ஏசி போட்டு, ரூம்ல ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் வெச்சு வேலை பார்ப்போம். அங்க அந்த மீட்டர் இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துக்கோ. சேர் எத்தனை இருக்குங்கிறதை விட எனக்கு அந்த மீட்டர் முக்கியம்.

ட்வீசரை எப்படி சுத்தம் பண்றாங்க, தலையணை மேல புதுத் துணி விரிக்கிறாங்களா, இமை வாரும் குட்டி பிரஷ் உனக்குன்னு புதுசா எடுத்து உன் கையிலயே கொடுத்து அனுப்புறாங்களா, இதையும் பாரு. அவங்க போட்டதோட ஃபோட்டோ கேளு. போட்டு முடிச்ச உடனே எடுத்தது எல்லாருமே அழகாத்தான் வெச்சிருப்பாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ரீஃபில்லுக்கு வந்தப்போ, கண்ணை மூடின நிலையில கிட்டக்க எடுத்தது இருக்கான்னு கேளு. அடியில வெள்ளை உருண்டையா க்ளூ தெரியக்கூடாது, முடி தனித்தனியா இருக்கணும்.

நீளத்தைப் பத்தி. சொந்த முடியை விட ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல போக வேண்டாம். உன்னோடது குட்டைன்னு சொல்ற, கண்ணாடியும் போடுற. 13, 14 மில்லிமீட்டர் வெச்சா கண்ணாடியில இடிச்சு ஒவ்வொரு சிமிட்டலுக்கும் துடைப்பம் மாதிரி தேய்க்கும். 9, 10 போதும், வெளிக்கோடியில 11. நேரா வளர்ற முடிக்கு சி கர்ல்ங்கிற வளைவு வெச்சா நல்லா எழும்பும். கனம் 0.15 மில்லிமீட்டர் கேளு. 0.20 எடுத்தா கறுப்பா அடர்த்தியாத் தெரியும், ஆனா 0.05 தானே ஏறுதுன்னு நினைச்சுடாதே, எடை கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடிடும். உன் குட்டை முடிக்கு அது பாரம். மிங்க் (ஒரு பிராணியோட ரோமம்), சில்க்னு பேர் சொல்லி அதிக காசு கேட்டா மயங்காதே. சில்க்னு விக்கிறது செயற்கை இழை, மிங்க்னு விக்கிறதும் பெரும்பாலும் அதே இழைதான். பளபளப்புலயும் நுனியிலயும்தான் வித்தியாசம்.

இப்ப தண்ணி விஷயம். மல்லிப்பூவுக்கு நடந்ததைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அது நடந்திருக்கவே வேண்டாம். தண்ணி படக்கூடாதுன்னு சொல்றது பழைய பாடம். நல்லாக் காய்ஞ்ச பசையைத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. போட்ட அன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஆவி, நீச்சல், தலைக்குக் குளியல் வேண்டாம். மறுநாள்லேர்ந்து தினமும் ராத்திரி கழுவணும். கழுவலாம்னு சொல்லல, கழுவியே ஆகணும். செயற்கை முடி அடர்த்தியா இருக்கிறதால வியர்வை, தோல் எண்ணெய், தூசி, மேக்கப் எல்லாம் வேர்ல தங்கும். அங்கதான் கிருமி சேரும், இமை முடி வேர்ல வாழ்ற டெமோடெக்ஸ்ங்கிற குட்டிப் பூச்சியும் பெருகும். எண்ணெய் இல்லாத லாஷ் ஷாம்பூ நுரையா வரும். கண்ணை மூடி, மெத்துனு இருக்கிற பிரஷ்ல எடுத்து இமை ஓரத்துல மேலிருந்து கீழா மெதுவாத் தடவு. தண்ணியை மெல்ல வழிய விட்டு அலசு. துண்டால அழுத்தித் துடைக்காதே, டிஷ்யூவை ஒத்தி எடு. பாதி காய்ஞ்சதும் குட்டி பிரஷால வாரிவிடு, அவ்வளவுதான். அந்த பிரஷ் எங்கயும் சிக்காமப் போகணும். சிக்குதுன்னா அங்க ரெண்டு முடி ஒட்டியிருக்கு, உடனே போய் பிரிக்கச் சொல்லு.

நலங்குக்கு வருவோம். எண்ணெய் பட்டா பசை விட்டுடுமாங்கிறதுல எங்க தொழில்லயே ரெண்டு கருத்து உண்டு. நான் பார்த்தவரைக்கும் பட்ட உடனே எல்லாம் கொட்டிடாது. பெரிய கேடு என்னன்னா, கண்ணுல இறங்கின எண்ணெயை எடுக்கறதுக்காக நாம தேய்க்கிற தேய்ப்பு. அதனால முறையை நிறுத்த வேண்டாம், வரிசையை மாத்து. எண்ணெய்க் குளியல் எடுக்கணும்னா லாஷ் போடறதுக்கு முன்னாடியே எடுத்துடு. நலங்கு அன்னைக்கு உச்சந்தலையில ஒரு சொட்டு வெச்சா போதும்னு அம்மாவை முன்கூட்டியே அத்தைங்ககிட்ட சொல்ல வெச்சிடு, மஞ்சளை கன்னத்துலயும் கையிலயும் காலுலயும் பூசட்டும். நெத்தியிலேர்ந்து வழிஞ்சா கண்ணை மூடிக்கிட்டு ஒத்தி எடு. அன்னைக்கு ராத்திரி நுரை போட்டுக் கழுவிட்டுத் தூங்கு. மல்லாக்கப் படுத்தா நல்லது. குப்புறப் படுக்கிற பழக்கம் இருந்தா தலையணையில ஒரு பக்கத்து முடி எல்லாம் திரும்பிக்கும்.

ஹோமத்துல புகையை விட சூடுதான் எனக்குக் கவலை. இது பிளாஸ்டிக் இழை. நெருப்புக்கு ரொம்பக் கிட்ட குனிஞ்சா நுனி கருகிச் சுருண்டுடும். நெய் ஊத்தும்போது ஜ்வாலை குப்னு எழும், அந்த நேரம் முகத்தைக் கொஞ்சம் பின்னாடி வெச்சுக்கோ. கற்பூர ஆரத்தி, அடுப்பு, இட்லிப் பானையைத் திறக்கிறது எல்லாத்துக்கும் இதே கணக்கு. அழுகைக்கு ஒண்ணும் ஆகாது, தாராளமா அழு. கண்ணீரைக் கசக்காம கீழ் இமைக்கு அடியில டிஷ்யூவை மடிச்சு ஒத்திக்கோ. பக்கத்துல நிக்கிற தோழி கையில ஒண்ணு கொடுத்து வை.

வைகைக்கரை:

அக்கா, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அத்தைங்ககிட்ட தானே பேசிடறேன்னு சொல்லிட்டாங்க!

இன்னும் ரெண்டு சந்தேகம். எனக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒத்துக்காது, ரெண்டு நாள் வெச்சா அந்த இடத்துல அரிச்சுத் தடிச்சுடும். இந்தப் பசையும் அப்படி ஆகுமா? இன்னொண்ணு, ஆபீஸ்ல ஒரு பொண்ணு இதெல்லாம் எதுக்கு, லாஷ் லிஃப்ட் பண்ணிக்கோன்னு சொல்றா. அது என்ன, நல்லதா?

ஆப்டோம்_சேலம்:

நான் கண் பரிசோதனைத் துறையில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஸ்டிக்கர் பொட்டின் பசையும் இமைப் பசையும் வேறு வேறு. பொட்டில் பெரும்பாலும் ஒவ்வாமை தருவது அதன் பசையில் இருக்கும் பியூட்டைல்ஃபீனால் ரெசின் வகை. இமைக்குப் பயன்படுத்துவது சயனோஅக்ரிலேட். எனவே பொட்டு ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் தோல் எளிதில் ஒவ்வாமை காட்டக்கூடியது என்பது தெரிகிறது, ஆகவே பேட்ச் டெஸ்டைத் தவிர்க்கவே கூடாது. ஓரத்தில் சில முடிகளை மட்டும் ஒட்டிவிட்டு 24 முதல் 48 மணி நேரம் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அது முழு உத்தரவாதம் இல்லை. பல முறை போட்டுப் பழகியவர்களுக்கும் திடீரென்று ஒவ்வாமை தொடங்குவது உண்டு.

எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். போடும்போதே எரிந்து, கண் சிவந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் பசையின் ஆவிதான் காரணம். கண் சரியாக மூடாமல் இருந்தாலோ, கீழ் இமைக்கு ஒட்டும் பட்டை விழியைத் தொட்டாலோ இப்படி ஆகும். அப்போதே சொல்லி நிறுத்துங்கள், பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ இரண்டு மேல் இமையும் வீங்கி, அரித்து, தோல் உரிந்தால் அது ஒவ்வாமை. அதற்குப் பின் சென்சிட்டிவ் க்ளூ என்று மாற்றிப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அதுவும் சயனோஅக்ரிலேட் குடும்பம்தான், அடுத்த முறை வீக்கம் இன்னும் அதிகமாகலாம். ஒவ்வாமை உறுதியானால் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். காயத்தைத் தையலுக்குப் பதிலாக ஒட்டும் மருத்துவப் பசையும் இதே வகையைச் சேர்ந்தது.

2012ல் ஜப்பானியக் கண் மருத்துவர்கள் இமை நீட்டிப்பால் பாதிக்கப்பட்டு வந்த 107 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 64 பேருக்குக் கருவிழியும் வெண்படலமும் அழற்சி கண்டிருந்தன, 42 பேருக்கு இமையில் ஒவ்வாமை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் பிரச்சினை வந்த பிறகு மருத்துவரிடம் போனவர்கள், போட்டுக்கொண்ட எல்லோரும் அல்ல. ஆனால் நடக்கக்கூடியது எது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நீளத்தைப் பற்றித் தோழி சொன்னது மிகச் சரி. 2015ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 22 பாலூட்டி இனங்களின் இமை முடிகளை அளந்து பார்த்தார்கள். கண்ணின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீளம் இருக்கும்போதுதான் இமை முடி காற்றையும் தூசியையும் நன்றாகத் தடுக்கிறது. அதைவிட நீண்டால் காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது, கண்ணீர் சீக்கிரம் உலர்கிறது. நீங்கள் லென்ஸ் போடப்போகிறவர். உலர் கண் இருக்கிறதா என்று முன்பே ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் போடப் போகும்போது கண்ணாடியோடு போங்கள், லென்ஸ் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம்.

திருச்சி_இமை:

தம்பி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. இதைப் படிக்கிற எல்லாரும் அந்த வீக்கம் பத்தின இடத்தை ரெண்டு தடவை படிங்க.

வைகைக்கரை, லாஷ் லிஃப்ட்னா உன் சொந்த முடியையே மருந்து வெச்சு மேல வளைக்கிறது. தலைமுடிக்கு பெர்ம் பண்ற மாதிரிதான், மருந்தும் கிட்டத்தட்ட அதே வகை. இமை மேல சிலிகான் அச்சு வெச்சு அதுல முடியைப் படிய வெச்சுப் பண்ணுவாங்க. ஒரு மணி நேரம் ஆகும், ஆறிலிருந்து எட்டு வாரம் வரைக்கும் வளைவு நிக்கும். ரீஃபில் கிடையாது, பாரம் கிடையாது. ஒரு நாள் தாண்டிட்டா எண்ணெய், ஆவி, தூக்கம் எதுக்கும் பயப்பட வேண்டாம். நீளம் கூடாது, அது ஒண்ணுதான் குறை. ஆனா உன்னை மாதிரி நேரா கீழ பார்த்து வளர்ற முடி, வளைஞ்சு மேல எழும்பினாலே கண் எவ்வளவு திறந்து தெரியும்னு நீயே ஆச்சரியப்படுவ. கண்ணாடியிலயும் பட வாய்ப்பு குறைவு. இதுவும் மருந்துதான், இதுக்கும் பேட்ச் டெஸ்ட் உண்டு. மருந்து கண்ணுக்குள்ள போகக்கூடாது, அதிக நேரம் விட்டா முடி கருகின மாதிரி கோணலாயிடும். அதனால இங்கயும் ஆள் யாருங்கிறதுதான் முக்கியம்.

உனக்கு எது நல்லதுன்னு என்னைக் கேட்டா, நேராவே சொல்றேன். கல்யாணத்துக்கு அப்புறமும் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை போய் ரீஃபில் பண்ற மனசும் காசும் இருந்தா எக்ஸ்டென்ஷன் போடு. அந்த ரெண்டு நாளுக்கு மட்டும்தான்னா லிஃப்ட் பண்ணிக்கோ, ரிசப்ஷனுக்கு மேக்கப் பண்றவங்க ஸ்ட்ரிப் லாஷ்ங்கிற, ஒரே பட்டையா வர்ற செயற்கை இமையை ஒட்டி ராத்திரி கழட்டிடுவாங்க. எனக்கு வர்ற கல்யாணப் பொண்ணுங்க பாதிப் பேருக்கு நான் இதைத்தான் சொல்லி அனுப்புறேன். எனக்கு வருமானம் குறைவுதான், ஆனா மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில்னு அலையுற நேரத்துல எந்தப் பொண்ணு ரீஃபில்லுக்கு வந்து ரெண்டு மணி நேரம் படுத்திருப்பா? பராமரிக்க முடியாததைத் தலையில கட்டி அனுப்ப எனக்கு மனசு வரல. தலை தீபாவளிக்கு வேற மாமியார் வீட்டுல விடியக்காலை எண்ணெய்க் குளியல் காத்திருக்கு.

எக்ஸ்டென்ஷன்தான்னு முடிவு பண்ணினா நாள் கணக்கை இப்படி வெச்சுக்கோ. கல்யாணத்துக்கு ஒன்றரை மாசம் முன்னாடி பேட்ச் டெஸ்ட், அது நல்லா இருந்தா உடனே ஒரு முழு செட். தூக்கம், கண்ணாடி, லென்ஸ் மாட்டுறது எல்லாம் அதுல பழகிப் பார். லென்ஸ் வெக்கும்போது மேல் இமையை முடியைப் பிடிச்சுத் தூக்காம, புருவ எலும்பு மேல இருக்கிற தோலைப் பிடிச்சுத் தூக்கப் பழகணும், அதுக்கு நாள் ஆகும். பிடிக்கலைன்னா எடுத்துடலாம், கைவசம் நேரம் இருக்கும். பிடிச்சா நடுவுல வழக்கம்போல ரீஃபில் பண்ணிக்கிட்டு, கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி கடைசி ரீஃபில். முந்தின நாள் வேண்டாம். ஏதாவது சிவந்தா ஆறுறதுக்கு நேரம் வேணும்.

மேக்கப் பண்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடு: மேல ஸ்ட்ரிப் லாஷ் ஒட்டக்கூடாது, வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் கர்லரும் வேண்டாம், எண்ணெய் கலந்த க்ளென்சரால கண் மேக்கப்பைத் துடைக்கக்கூடாது. மை கீழ் இமையில போட்டுக்கலாம், மேல் இமை வேர்ல வேண்டாம். மெழுகு மாதிரி இருக்கிற காஜல் அங்க அப்பிக்கிட்டா எடுக்கறதுக்குள்ள பாதி முடி போயிடும். ராத்திரி எவ்வளவு அசதியா இருந்தாலும் கழுவிட்டுத்தான் படுக்கணும். இதைக் கல்யாண வீட்டுல யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, நீயே ஒரு அலாரம் வெச்சுக்கோ.

எடுக்கும்போது கையால பிய்க்காதே. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் கண்ணுக்குப் பக்கத்துல வரவே கூடாது. போட்டவங்ககிட்டயே போனா க்ரீம் ரிமூவர் தடவி சில நிமிஷத்துல வழுக்கி எடுத்துடுவாங்க, கொஞ்சம் காசு வாங்குவாங்க, கொடுத்துடு.

வைகைக்கரை:

சரி அக்கா. அடையார் அக்காகிட்ட பேசினேன், லிஃப்டும் பண்றாங்களாம். க்ளூ தேதி கேட்டேன், பாட்டில்ல எழுதியிருக்கிறதை ஃபோட்டோ எடுத்தே அனுப்பினாங்க! ஸ்டிக்கர் பொட்டு விஷயத்தையும் சொன்னேன், ரெண்டுக்கும் சேர்த்தே பேட்ச் டெஸ்ட் பண்ணிடலாம்னாங்க. சனிக்கிழமை போறேன். கண் டெஸ்டுக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு.

திருச்சி_இமை:

நல்ல ஆளாத் தெரியுது, அவங்களையே பிடிச்சுக்கோ. ரெண்டு டெஸ்டையும் ஒரே நாள்ல ஒரே கண்ணுல பண்ண வேண்டாம்னு சொல்லு. அரிச்சா எதுனாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. பசைக்கு ஒரு கண் ஓரம் இந்த வாரம், லிஃப்ட் மருந்துக்கு காதுக்குப் பின்னாடி அடுத்த வாரம்னு கேளு, உனக்கு நாள் இருக்கு. ஞாயிறு, திங்கள் வரைக்கும் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இரு. வீக்கமா தெரிஞ்சா எனக்கு ஃபோட்டோ அனுப்பி அக்கா இது என்னன்னு கேட்டுட்டு உட்கார்ந்திருக்காதே, நேரா கண் டாக்டர்கிட்ட போயிடு.